அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு அடுத்த ஆண்டு 80 நிறைகிறது. அம்மாவுக்கு 74. இருவரும் சயானில் இருக்கிறார்கள். நான் முலுண்டில், அண்ணன் டொராண்டோவில். உடல்நிலை மிகவும் மோசமானால் எந்த அளவுக்கு மருத்துவம் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டால், "அப்போது பார்த்துக்கொள்ளலாம், நீதான் இருக்கிறாயே" என்று பேச்சை முடித்துவிடுகிறார். எண்பதாம் கல்யாணத்துக்கு எல்லோரும் கூடும்போது பேசலாமா, அது அபசகுனமாகிவிடுமா? அண்ணன் "எல்லாவற்றையும் செய்" என்கிறான். எழுதி வைத்தால் சட்டப்படி செல்லுமா? இதற்கிடையில் அம்மா, எதிர்வீட்டு ஆச்சி மறைந்ததிலிருந்து, "என்னை இப்படிக் குழாய்களைச் சொருகிப் படுக்க வைத்துவிடாதீர்கள்" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். "அதெல்லாம் பேசாதே, நீ நூறு வயது இருப்பாய்" என்று தேற்றி வைத்திருக்கிறேன். அப்பாவை எப்படிப் பேச வைப்பது?

ர., முலுண்ட்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அப்பாவைப் பற்றியது. அம்மா கடைசியில்தான் வருகிறார், அதுவும் தேற்றி உட்கார வைக்க வேண்டிய ஒருவராக. அப்பா பேச மறுக்கிறார் என்று வருந்துகிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர், யாரும் கேட்காமலேயே, தாமாக, தெளிவாகத் தம் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் வாயை அடைத்தவர் நீங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களாக என் அத்தையின் நினைவாகவே இருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அத்தை செம்பூரில் இருந்தார், பள்ளி ஆசிரியை. கட்டடத்தில் யாராவது நோயில் கிடந்து இறந்து, போய்ப் பார்த்துவிட்டு வந்தால், குளித்துவிட்டுக் காய் நறுக்க உட்காரும்போது சொல்வார்: "தொண்டையில் ஓட்டை போட்டு, ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு அது வேண்டாம்." உடனே மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் "வாயைக் கழுவு அம்மா" என்பார்கள். பிறகு அவருக்குப் பெரிய பக்கவாதம் வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்தபோது, வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு அதே மூவரும் "அம்மா ஒன்றும் சொல்லி வைக்கவில்லையே" என்றார்கள். அவர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். "அது சும்மா பேச்சு" என்றார் மூத்தவர். தொண்டையில் துளையிட்டார்கள். சில வாரங்கள் கழித்து அவர் போனார். அந்தப் பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர். தாயின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். ஆனால் காய் நறுக்கும்போது ஒரு பெண் சொல்வது தீர்மானமாக இருக்க முடியும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

நம் வீடுகளில் அப்பாவின் மௌனத்துக்கு இருக்கும் மதிப்பு அம்மாவின் பேச்சுக்கு இல்லை. அப்பா வாயைத் திறக்க வேண்டும் என்று குடும்பமே காத்திருக்கிறது; அம்மா பேசினால் அது புலம்பல் ஆகிவிடுகிறது. அவரிடம் நேராகக் கேட்டாலும் அப்பாவை அருகில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறோம். "அவர் சொல்கிறபடி செய்யுங்கள்" என்று அம்மா சொன்னதும் கேள்வி முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகளில் மனைவி கணவனைவிட வயதில் இளையவர், கணவனுக்குப் பிறகும் பல ஆண்டுகள் இருப்பவர். அப்பாவின் கடைசி நாட்களை அம்மா பார்த்துக்கொள்வார். அம்மாவின் கடைசி நாட்களில் அவர் மனதை அறிந்தவர் எவரும் அறையில் இல்லாமல் போகலாம். ஆகவே உங்கள் வீட்டில் முதலில் கேட்கப்பட வேண்டியவர் அவர்தான்.

நீங்கள் கேட்ட மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன். எண்பதாம் கல்யாணத்தன்று பேசாதீர்கள். சகுனத்துக்காகச் சொல்லவில்லை, பந்தி நடக்கும் வீட்டில் எவரும் மனம் திறக்க மாட்டார்கள். அண்ணனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தொலைவில் இருப்பவர்களின் அன்பும் அச்சமும் "எல்லாவற்றையும் செய்" என்றுதான் வெளிப்படும், பெற்றோரின் சொல் எழுத்தில் இருந்தால் அவரும் அதற்குக் கட்டுப்படுவார். சட்டப்படி செல்லும். கண்ணியத்தோடு இறப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்து, நாம் லிவிங் வில் என்று சொல்லும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை ஏற்றுக்கொண்டது. அப்போது விதித்த நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால், 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும், மாஜிஸ்திரேட் முன் போக வேண்டியதில்லை. எழுதியவர் தாமே முடிவெடுக்க இயலாத நிலையில், மீள வழியில்லை என்று மருத்துவமனையின் முதல் மருத்துவக் குழுவும் அதன் பின் இரண்டாம் குழுவும் ஒப்புக்கொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும். தெளிவோடு இருக்கும்வரை அவர் வாய்ச்சொல்லே முடிவு. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

மும்பையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது அருணா ஷான்பாக்கை நினைக்காமல் இருக்க முடியாது. சயானிலிருந்து மூன்றாவது நிலையமான பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியான அவர், 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவிழந்தபோது இளம்பெண். 2015 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே படுக்கையில் இருந்தார். அவரை விடுவிக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகையாளர் அன்பினால்தான் உச்ச நீதிமன்றம் போனார். அவர் வாழ வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி ஊட்டிய செவிலியர்களும் அன்பினால்தான் சொன்னார்கள். அவருக்காகப் பேசும் உரிமை அவரைப் பராமரித்த மருத்துவமனைப் பணியாளர்களுடையது என்று 2011இல் நீதிமன்றம் முடிவு செய்தது. அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இரண்டு பக்கத்து அன்பும் உண்மையானது, ஆனால் அருணா என்ன விரும்பியிருப்பார் என்பதற்கு அவருடைய சொல் ஒன்றுகூட எவரிடமும் இல்லை. உங்கள் அம்மாவின் சொல் உங்களிடம் இருக்கிறது.

அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு உடனே நோட்டரியிடம் ஓடிவிடாதீர்கள். "குழாய் வேண்டாம்" என்று அம்மா சொல்வது ஒரு தொடக்கம்தான். எந்தக் குழாய், எந்த நிலையில் என்று கேட்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் திறன் திரும்பும்வரை மூக்கு வழியாக வைக்கும் ரைல்ஸ் குழாய், சில வாரங்களில் எடுத்துவிடக் கூடியதாக இருக்கலாம். முற்றிய மறதிநோயில் வைக்கும் குழாய் ஆயுளை நீட்டுவதாகத் தெரியவில்லை; நோயாளி அதைப் பிடுங்காமல் இருக்கக் கைகளைக் கட்டிவைக்கும் நிலையும் வரும். நிமோனியாவுக்காகச் சில நாள் வென்டிலேட்டரில் இருந்து வீடு திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் பல உறுப்புகளும் ஓய்ந்த பிறகு அதே கருவி சாவைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இதயம் நின்றபின் மார்பை அழுத்தும் சிகிச்சையில் முதியவர்களின் விலா எலும்புகள் முறிவது சாதாரணம். இவற்றைக் குடும்ப மருத்துவர் முன்னிலையில் அம்மாவுக்குத் தமிழில் விளக்குங்கள். கருவிகள் வேண்டாம் என்றால் சிகிச்சையே வேண்டாம் என்று பொருளில்லை என்பதையும் சொல்லுங்கள். வலிக்கு மார்ஃபின், மூச்சுத்திணறலுக்கு மருந்து, படுக்கைப்புண் வராமல் பராமரிப்பு ஆகியவை கடைசி மணிவரை தொடர வேண்டியவை. புற்றுநோய் முற்றியவர்களுக்காக இதையே செய்துவரும் சாந்தி அவேத்னா சதன் 1986 முதல் பாந்த்ராவில் இருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "அப்படியானால் எல்லாம் செய்யுங்கள், பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டும்" என்று சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள். நீங்கள் மனதுக்குள் ஒரு முடிவை வைத்துக்கொண்டு அதற்குக் கையெழுத்து வாங்கப் போகிறீர்களோ என்ற ஐயம் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு வந்தது. அப்படி ஒரு முடிவு இருந்தால், அதை விட்டுவிட்டு அம்மாவிடம் போங்கள்.

அம்மாவிடம் தனியாகப் போங்கள், அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். அப்பா தூங்கும் மதிய நேரத்தில் சமையலறையிலோ, மாலையில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடக்கும்போதோ, "அன்றைக்கு ஆச்சியைப் பற்றிச் சொன்னீர்களே அம்மா, நான் பேசவிடவில்லை, இப்போது சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். எதிர்வீட்டு ஆச்சிக்கு நடந்ததில் எது அவரை அச்சுறுத்தியது? கருவிகளா, மருத்துவமனையில் தனியாகக் கிடந்ததா, பிள்ளைகளின் பணம் கரைந்ததா, பிற ஆண்கள் உடலைத் தொட்டதா? இவை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. அவர் அழுதால் அழட்டும்; நூறு வயது இருப்பாய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்பாவிடம் பிறகு போகலாம். அம்மா தமக்கென்று ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தெரிந்தால், அவரே "எனக்கும் ஒன்று எழுது" என்று கேட்கக்கூடும். கேட்காவிட்டால், "நீதான் இருக்கிறாயே" என்று அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு, முடிவெடுக்கும் பொறுப்பை உங்களுக்கு எழுத்தில் தரச் சொல்லுங்கள். அறிவுறுத்தலில் ஒருவருக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம் என்பதால் அண்ணன் பெயரையும் சேர்க்கலாம். அம்மாவுடையதைத் தனி ஆவணமாகவே எழுதுங்கள், அப்பாவுடையதன் அடியில் ஒரு பத்தியாக அல்ல. வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். நள்ளிரவில் சேர்க்கும்போது லாக்கர் திறக்காது. ஒரு படி மருத்துவ அறிக்கைகள் இருக்கும் கோப்பில், ஒன்று குடும்ப மருத்துவரிடம், ஒன்று உங்கள் கைப்பேசியிலும் அண்ணன் கைப்பேசியிலும் இருக்கட்டும். இந்த ஆவணங்களைப் பாதுகாக்க உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் காப்பாளரிடமும் ஒரு படி தர வேண்டும் என்பது 2023 நடைமுறையில் இருக்கிறது. அதற்கு உங்கள் பெற்றோரின் பகுதி மாநகராட்சி வார்டு அலுவலகத்தின் சுகாதார மருத்துவ அதிகாரியைப் பாருங்கள்.

அன்புடன்.