பரணில் கிடக்கும் பட்டுப்பாய்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஓசூரில் வசிக்கிறேன். பிறந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கணவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். பெண் ஐந்தாம் வகுப்பு, பையன் ஒன்றாம் வகுப்பு. தர்மபுரியிலிருந்து வந்து அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார்.

என் கல்யாணத்துக்கு ஆச்சி பத்தமடையில் சொல்லிவைத்து, எங்கள் இருவர் பெயரும் போட்ட பட்டுப்பாய் ஒன்று வாங்கித் தந்தார். வீணாகிவிடக் கூடாதென்று பாலித்தீன் உறையோடு பரணில் வைத்திருக்கிறேன். கைவினைக் கண்காட்சிகளுக்குப் போனால் எனக்கு எதையாவது வாங்கவேண்டும் போலிருக்கும். "அலமாரியில் வைத்துத் தூசி தட்டவா?" என்பார் கணவர். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிற குடும்பம், அவர் சொல்வதும் சரிதானோ என்று தோன்றும். பெண்ணைக் கீபோர்டு வகுப்பில் சேர்த்தோம். இரண்டு கிரேடு முடித்தவள் இனிப் போகமாட்டேன் என்கிறாள். அத்தை பையனைத் தூங்கவைக்கும்போது அழகாகப் பாடுவார். செல்போனை எடுத்துப் பதிவுசெய்யப் போனால், "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று நிறுத்திவிடுகிறார்.

எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குக் கலை ரசனையை எப்படி வளர்ப்பது?

எஸ்., ஓசூர்

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் பாயைப் பரணிலிருந்து இறக்குங்கள். பாலித்தீன் உறையைக் கிழித்துப் போடுங்கள். பட்டுப்பாய் என்று பெயரானாலும் அது கோரைப்புல்லில் நெய்தது; கோரைக்குக் காற்று வேண்டும். உறைக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். கோடையில் பரணின் சூட்டில் காய்ந்து முறுகினால், பிரிக்கும்போதே ஒடியும். பத்திரம் என்று நினைத்து நீங்கள் செய்துவைத்திருப்பது பாய்க்குக் கெடுதல்.

அந்தப் பாய் உருவாகும் விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்துக் காயவைப்பார்கள். ஒவ்வொரு தண்டையும் கத்தியால் நீளவாக்கில் கிழிக்கவேண்டும். கிழித்ததைக் கட்டுக்கட்டாக ஆற்று நீரில் நாட்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, சாயமேற்றி, இன்னும் மெலிதாகக் கிழிப்பார்கள். சாதாரணப் பாய்க்குத் தடித்த கோரை போதும். உங்களுடையதைப் போன்ற பாய்க்கு நூல் பருமனுக்கு வந்தாக வேண்டும். அதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. விரலுக்கும் கண்ணுக்கும் தெரியும், அவ்வளவுதான். பிறகு தரையோடு தரையாகப் போட்ட தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டி, நீண்ட குச்சியில் கோரையைக் கோத்து ஊடே செலுத்தி, ஒவ்வொரு இழையாக அடித்து நெருக்குவார்கள். சிவப்புச் சாயத்துக்கு ஒரு காலத்தில் பதிமுகக் கட்டையைக் காய்ச்சினார்கள். பெயர் போட்ட பாய் என்றால் ஒவ்வொரு எழுத்தின் வளைவுக்கும் இழைகளை எண்ணி நிறம் மாற்றியாக வேண்டும். உங்கள் பெயரின் ஒரு எழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். வளைவு என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் சின்னச் சின்னப் படிகள். பெண்ணும் தடவிப் பார்க்கட்டும்.

பத்தமடையில் இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள். எந்தச் சமயத்துக் கல்யாணமானாலும் அவர்கள் கையால்தான் பெண் மாப்பிள்ளை பெயர் பாயில் ஏறுகிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்றைக்கு அவசியம் சொல்லவேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

பாயைத் தினமும் விரிக்கலாம். ஈரம் பட்டால் நிழலில் உலர்த்துங்கள், அழுக்குப் பட்டால் நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வையுங்கள். வருடங்கள் போனால் தேயும்தான், தேயட்டும். பேரப்பிள்ளைகளை நினைத்துத்தான் ஆச்சி வாங்கியிருப்பார். அதில் உங்கள் பையன் உருண்டு புரளாமல் போனால் அந்த வேலையெல்லாம் எதற்கு?

இனி உங்கள் கணவர் சொல்வது. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அலமாரியில் வைப்பதற்கென்றே வாங்கும் பொருளில் எனக்கும் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் அதிலிருந்து கைவினைப் பொருளே ஆடம்பரம் என்ற முடிவுக்கு வர முடியாது. நம் வீடுகளில் முறம், உறி, மத்து, மண்சட்டி, ஓலைப்பெட்டி எல்லாமே கையால் செய்தவைதான், எல்லாமே புழங்கியவை. அவற்றில் அழகு தனியாகச் சேர்க்கப்பட்டதல்ல. பனையோலைப் பெட்டியின் விளிம்பில் சாய ஓலையை ஓடவிட்டவர் அதையும் பெட்டி முடைவதோடு சேர்ந்த வேலையாகவே செய்தார். ஆகவே வருடத்துக்கு ஒரே ஒரு பொருள் வாங்கினால் போதும், வீட்டில் உண்மையிலேயே தேவைப்படுகிற ஒன்றாக. குழம்புச் சட்டி உடைந்தால் அடுத்ததை மண்ணில் வாங்குங்கள்; வடிகஞ்சியை ஊற்றிச் சில நாள் பழக்கினால் மண்வாசம் போய்விடும். ரொட்டி வைக்கப் பெட்டி வேண்டுமென்றால் ஓலையில் வாங்குங்கள். செய்தவரிடமே நேரில் வாங்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் 1973 முதல் அரசு நடத்திவரும் பூம்புகார் கடைகள் இருக்கின்றன. செய்தவரிடம் வாங்கும்போது மட்டும் பேரம் பேசாதீர்கள். இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

நீங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் என்பதால் மரச் சொப்பு வைத்து விளையாடியிருப்பீர்கள். அதே கடைசல் வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்ட அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பெங்களூரு மைசூரு சாலையில் சென்னபட்டணா இருக்கிறது. வெட்பாலை மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு உளியால் செதுக்குவார்கள். உருவம் வந்ததும் நிற அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்க்க, மங்கலாக இருந்த நிறம் கண்ணெதிரே பளபளவென்று மாறும். அந்த மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை எந்தக் கடையிலும் பொம்மையை வேறு கண்ணோடு பார்க்கும். ஒரு விடுமுறையில் குடும்பத்தோடு போய் வாருங்கள். கணவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், உளி பிடித்திருக்கும் கோணம் முதலில் அவர் கண்ணில்தான் படும்.

ரசனையை வளர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வளர்க்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது என்பது என் கருத்து. தெரிந்த மறுகணமே அது இன்னொரு பாடமாகிவிடுகிறது. உங்கள் பெண் கீபோர்டு வகுப்பைத்தான் வேண்டாம் என்கிறாள். இசையே வேண்டாம் என்று சொல்லவில்லையே. கிரேடு பரீட்சையைப் பற்றி இனிப் பேசவேண்டாம். கீபோர்டைப் பெட்டியில் போடாமல் கூடத்தில் கை எட்டும் இடத்தில் வையுங்கள். சினிமாப் பாட்டின் இரண்டு வரியைத் தட்டுத் தடுமாறி வாசித்தால் கேளுங்கள். "திரும்ப வாசி" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கோலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, காலையில் ஐந்து நிமிடம் வாசலைப் பெண்ணிடம் விடுங்கள். சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றிப் புறப்படும் கம்பி எங்கும் விட்டுப்போகாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரவேண்டும். இந்த ஒழுங்கு கணிதக்காரர்களையே இழுத்திருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் 1974-இல் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில், அதாவது விதிகளின் தொகுப்பாக, விளக்கி ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். நம் வீட்டுப் பெண்கள் இருட்டு விலகுமுன் குனிந்து நின்று போட்டதைத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள். பெண்ணுக்கு முதலில் கம்பி கோணும், மாவு திட்டுத்திட்டாக விழும். நீங்கள் குனிந்து சரிசெய்துவிடாதீர்கள். அரிசி மாவாக இருந்தால் எறும்புக்கும் ஆகும்.

கடைசியாக உங்கள் அத்தை. நீங்கள் எழுதியதிலேயே பெரிய செல்வம் அதுதான். தாலாட்டை ஒருவர் எழுதி இன்னொருவர் ஒப்பிப்பதில்லை. மெட்டும் சில வரிகளும் வழிவழியாக வரும். பாடுகிறவர் அதற்குள் தன் அண்ணன் தம்பியை, ஊர்க் குளத்தை, வராமல் போன சீரை, மனக்குறையைச் சேர்த்துக்கொண்டே போவார். மாமன் கொண்டுவரும் தொட்டில் எத்தனை அழகானதென்று பாடும்போது, பிறந்தவீட்டுக்கு ஒரு சேதியும் போகும். நாங்குநேரிக்காரரான நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை இத்தகைய பாடல்களைத் திரட்டி அச்சில் கொண்டுவந்தார். அப்படித் திரட்டும் அளவுக்கு அவை கிடைத்தன என்றால், "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கூச்சப்பட்ட பெண்கள் விடாமல் பாடிவந்ததால்தான்.

செல்போனை நீட்டினால் அவர் கூசுவது இயல்பு. பிள்ளைக்காகப் பாடுகிற பாட்டுக்குத் திடீரென்று சபை கூடிவிட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். கொஞ்ச நாள் போனைத் தூர வையுங்கள். பையனோடு பெண்ணும் பக்கத்தில் படுத்துக் கேட்கட்டும். கதையில் யார் என்ன ஆனார்கள் என்று கேட்பதுபோல், "அந்த மாமன் யாரு பாட்டி?" என்று அவள் கேட்டால் அத்தை சொல்வார்; சொல்லும்போது இன்னும் இரண்டு வரி வரும். நாற்று நடும்போது பாடியவையும் மெல்ல வெளியே வரலாம். பெண்ணுக்கு எழுத்து நன்றாக வருமென்றால் மறுநாள் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், விட்டுப்போன வரிகளை அத்தையிடமே கேட்டு நிரப்பட்டும். பதிவுசெய்வதைப் பிறகு அவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். வேண்டாம் என்றால் நோட்டு போதும்.

அன்புடன்