ஏஐ ஆராய்ச்சிக்குக் கணினித் துறைக்கே மாறணுமா?

தம்பி, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேளாண் எம்.எஸ்சி.யோடு ஜெர்மனி வந்திருக்கீங்க. "ஏஐ-யில் பிஎச்.டி. பண்ண கணினித் துறைக்கு மாறியே ஆகணுமாண்ணா?" என்று கேட்டிருந்தீங்க. வேண்டாம். பயிர்த் துறையை விட்டுடாதீங்க.

2024 வேதியியல் நோபலில் பாதி, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ மாடலுக்காக, கூகுள் டீப்மைண்டின் ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் போனது. அந்த மாடலுக்குத் தீனி, 1971 முதல் ஆய்வகங்களில் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து பொதுவில் சேர்த்துவைத்த புரத வடிவங்கள். மாடல் எழுத ஆள் கிடைக்கும். எந்தத் தரவை நம்பலாம், எது குப்பை என்று சொல்ல அந்தந்தத் துறைக்காரர்தான் வேணும்.

அப்படி ஆள் இல்லாத இடத்தில்தான் தரவுக் கசிவு நடக்கும், அதாவது மாடலைச் சோதிக்க வைத்த தரவின் தடயம் பயிற்சிக்குள்ளேயே நுழைஞ்சுடும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கபூரும் நாராயணனும் 2023-ல் வெளியிட்ட கணக்கில் 17 துறைகள், 294 கட்டுரைகள் இதில் அடிபட்டிருக்கு. முதலமடை மாந்தோப்பில் இலைநோய்ப் படம் எடுக்கிறீங்கன்னு வைங்க, ஒரு மரத்துக்கு 20 படம். மொத்தத்தையும் கலைத்து, பயிற்சிக்கு 80 சதவீதம், சோதனைக்கு 20 என்று பிரித்தால், ஒரே மரம் பயிற்சியிலும் சோதனையிலும் வந்துடும். மாடல் நோயை விட்டுட்டு அந்த மரத்தின் வெளிச்சத்தையும் பின்னணியையும் பிடிச்சுக்கும். மதிப்பெண் அள்ளும், கொல்லங்கோட்டுத் தோப்புக்குக் கொண்டுபோனா கவுந்துரும். அதனால் தோப்புவாரியாகப் பிரிக்கணும். பைத்தானின் சைக்கிட்-லேர்ன் நிரல் தொகுப்பில் குரூப்-கே-ஃபோல்டு என்ற கருவி இதுக்குத்தான் இருக்கு. படம் எடுக்கும்போதே தோப்பு எண், மர எண், தேதி குறிச்சு வைக்கலைன்னா அதுவும் உதவாது. விடுபட்ட மதிப்பை நிரப்புவது, அளவுகளைச் சீராக்குவது எல்லாம் பயிற்சிப் பகுதியை மட்டும் பார்த்துக் கணக்கிடணும். முடிஞ்சா ஒரு பருவத்தை முழுசா ஒதுக்கி, கடைசியில் சோதிங்க.

பைத்தானும் புள்ளியியலும் தெரிஞ்சிருக்கணும், அதில் சலுகை இல்லை.

இங்கே பிஎச்.டி. பெரும்பாலும் வேலை ஒப்பந்தம்தான், பொதுத்துறை ஊதிய அட்டவணையில் இ13 என்ற நிலை. ஆனால் விளம்பரத்தில் முழு வேலையில் எத்தனை சதவீதம் என்று பாருங்க: கணினித் துறையில் முழு வேலையாகக் கிடைப்பது சகஜம், உயிரியல், வேளாண் பக்கம் 65 சதவீதம் என்று போட்டிருப்பாங்க. (வேலை நேரம் என்னவோ எல்லாருக்கும் ஒண்ணுதான்!) நேர்காணலில் கூச்சப்படாம இரண்டு விஷயம் கேளுங்க. கணினித் துறையிலிருந்து இரண்டாவது வழிகாட்டி இருப்பாரா? மாடலைப் பயிற்றுவிக்கும் ஜிபியு சர்வர் குழுவுக்கே உண்டா, பல்கலைக்கழக வரிசையில் காத்திருக்கணுமா? முதல் கேள்விக்கு மழுப்பினா வேற குழுவைப் பாருங்க. கோடிங்கில் சிக்கினா உதவ அங்கே ஆள் இருக்காது.