ஆறு வருட வேலை அனுபவத்துக்குப் பிறகு ஆன்லைனில் எம்பிஏ படிப்பது பிரயோஜனமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாக வேலை, கீழே ஒரு சின்னக் குழு, மேலாளர் பதவிக்குப் போக ஆசை, வேலையை விட்டுவிட்டுப் படிக்கும் நிலைமை இல்லை. ஆன்லைனில் எம்பிஏ சேரலாமா, இல்லை பணமும் நேரமும் வீணாகிவிடுமா என்று கேட்கிறார்.

நான் வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் எம்பிஏ முடித்தவன். இப்போது ஆள் எடுக்கும் நேர்காணல்களில் கேள்வி கேட்கும் பக்கமும் உட்காருகிறேன். இரண்டையும் வைத்துச் சொல்கிறேன், உங்கள் நிலைமையில் பிரயோஜனம் உண்டு. ஆனால் ஆன்லைன் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் குழம்பிக்கொண்டே இருக்கலாம். அடுத்து எந்தப் பதவிக்குப் போகப் பார்க்கிறீர்கள், அந்தப் பதவிக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பெரிய மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களும் முதலீட்டு வங்கிகளும் எம்பிஏ படித்தவர்களை எடுக்கும் முக்கியமான வழி, முழுநேரப் படிப்பில் முதல் வருடம் முடிந்ததும் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப். அந்தச் சில வாரங்களில் நன்றாக வேலை செய்தவர்களுக்குப் படிப்பு முடிவதற்குள்ளேயே வேலை உறுதியாகிவிடுகிறது. வேலை பார்த்துக்கொண்டு ஆன்லைனில் படிப்பவருக்கு அந்தக் கோடை விடுமுறையே கிடையாது. பாடம் ஒன்றாக இருக்கலாம், பேராசிரியரும் அதே ஆளாக இருக்கலாம், ஆனால் வேலைக்குப் போகும் பாதை வேறு. அதனால் துறையையே மாற்றிக்கொண்டு அந்த மாதிரி வேலைக்குப் போக வேண்டும் என்பவர்களிடம் ஆன்லைன் பட்டத்தை நம்பி இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பிப்பவரின் திறமை நேரடியாகத் தெரியாது, அதனால் பட்டம் ஓர் அடையாளமாக வேலை செய்கிறது என்பது அவர் வாதம். இதை நம் விஷயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். உங்களைத் தெரியாத இடத்தில்தான் பட்டத்தின் பெயர் அதிகம் பேசும். ஆறு வருடமாக உங்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு நீங்கள் யார் என்பது ஏற்கெனவே தெரியும். அங்கே குறைவது வேறு ஏதாவதாக இருக்கும். நிதி அறிக்கையைப் படிக்கத் தெரியாததாக இருக்கலாம், அல்லது மேலாளர் பதவிக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் என்ற ஒரு விதியாக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் ஆன்லைன் படிப்பு போதும்.

படிப்பு என்ன கொடுக்கும் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் விற்பனை ஏறிக்கொண்டே போனது, ஆனால் சம்பளத் தேதி வந்தால் வங்கிக் கணக்கில் பணம் இருக்காது. எல்லோரும் இன்னும் விற்க வேண்டும் என்றார்கள். அந்தச் சமயத்தில் நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம், பற்றிய பாடம் வந்தது. சரக்கு கிடங்கில் எத்தனை நாள் கிடக்கிறது, விற்ற பிறகு பணம் வர எத்தனை நாள், நாம் சப்ளையருக்குக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று மூன்று எண்கள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழிக்க வேண்டும். கிடங்கில் 60 நாள், வசூலாக 75 நாள், சப்ளையருக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டால் 105 நாள் நம் பணம் வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறது. விற்பனை கூடக் கூட மாட்டிக்கொள்ளும் தொகையும் கூடும். மறுநாள் எங்கள் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து எங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தபோது, அதிகம் விற்பதுதான் எங்கள் நெருக்கடியைப் பெரிதாக்குகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படித்திருந்தால் இது பரீட்சைக்கான ஒரு சூத்திரமாக மட்டுமே இருந்திருக்கும். சரக்கு எத்தனை நாள் தங்குகிறது என்பது உங்கள் அன்றாட வேலையே என்பதால், உங்களுக்கு இதெல்லாம் இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

சரி, எங்கே படிப்பது? இதில் ஏமாற நிறைய வாய்ப்பு இருக்கிறது. 2015-ல் ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் இணையதளங்கள் நடத்தி உலகம் முழுக்கப் போலிப் பட்டங்கள் விற்றது அம்பலமானது. அந்தத் தளங்கள் பார்வைக்கு நல்ல பல்கலைக்கழகத் தளங்கள் போலவேதான் இருந்தன, அங்கீகாரம் கொடுப்பதாகச் சொன்ன அமைப்புகள்கூடப் போலி. அதனால் கல்லூரி தன் பக்கத்தில் போட்டிருக்கும் முத்திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் தளத்துக்கே நேராகப் போய் அந்தக் கல்லூரியின் பெயரைத் தேடுங்கள். வணிகக் கல்விக்கு உலக அளவில் மதிக்கப்படும் அங்கீகாரங்கள் மூன்று: 1916-ல் தொடங்கிய ஏஏசிஎஸ்பி (AACSB), 1967-ல் தொடங்கிய ஆம்பா (AMBA) ஆகிய அமைப்புகள் கொடுப்பவை, 1997-ல் வந்த ஈக்விஸ் (EQUIS). இந்த மூன்றும் இல்லாவிட்டால் மோசமான கல்லூரி என்று அர்த்தமில்லை. ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் நாட்டின் கல்வி ஆணையம் அந்தப் பட்டத்தை, அதுவும் ஆன்லைன் முறையில் பெற்றால், ஏற்றுக்கொள்கிறதா என்பதைக் கட்டாயம் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நேரடிப் படிப்புக்கு ஒரு விதி, ஆன்லைனுக்கு வேறு விதி என்று வைத்திருக்கும் நாடுகள் உண்டு.

ஆன்லைன் என்றாலே மட்டம் என்ற பேச்சை ரொம்பப் பொருட்படுத்த வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கீஸ் வணிகக் கல்லூரி 2016-ல் ஆன்லைன் எம்பிஏ தொடங்கியது. 2019-ல் வளாகத்தில் நடந்துவந்த முழுநேர எம்பிஏவை நிறுத்திவிட்டு ஆன்லைனிலேயே கவனம் செலுத்துவதாக அறிவித்தது. ஒரு நல்ல பல்கலைக்கழகமே அப்படி முடிவெடுத்தது சின்ன விஷயம் இல்லை. நேர்காணலில் நானும் உடன் உட்காருபவர்களும் ஒருவர் எந்த முறையில் படித்தார் என்று கேட்பதைவிட, படித்ததை வைத்து என்ன செய்தார் என்றுதான் கேட்கிறோம்.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் தேவைப்படும் என்று பல கல்லூரிகள் சொல்லும், அதை நம்புங்கள். குழுவாகச் செய்யும் வேலைகள் இருந்தால் அதைவிட அதிகமாகவே ஆகும், வேறொரு நேர மண்டலத்தில் இருப்பவர் ஒப்புக்கொள்ளும் நேரம் உங்களுக்கு நள்ளிரவாக இருக்கும். அப்படி இருந்தும் குழு வேலையும் நேரலை வகுப்பும் உள்ள படிப்பையே தேர்ந்தெடுங்கள் என்பேன். பதிவு செய்த காணொளிகளை மட்டும் பார்த்துத் தேர்வு எழுதும் படிப்பில், முடித்த பிறகு போன் போட்டுப் பேச ஒரு ஆள்கூட மிஞ்ச மாட்டார்.

முழுப் பட்டத்துக்கும் ஒரேயடியாகப் பணம் கட்டாதீர்கள். தனிப் பாடமாக ஒன்றை எடுத்து முடித்து, பின்னால் சேரும்போது அந்த மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கணக்கியலையோ புள்ளியியலையோ முதலில் எடுங்கள். வேலை நெருக்கடி உள்ள ஒரு மாதத்தில் அதை ஓட்ட முடிந்தால் மீதியும் முடியும்.

அதற்கு முன்னால் இந்த வாரமே உங்கள் மேலாளரிடமும் மனிதவளப் பிரிவிலும் பேசுங்கள். இந்தப் பட்டம் வாங்கினால் எந்தப் பதவிக்கு என்னைப் பரிசீலிப்பீர்கள் என்று நேராகவே கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால், மேலே நீங்கள் குறி வைத்திருக்கும் பதவியில் வேறு நிறுவனங்களில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து அவர்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கட்டணத்தில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள், நிறைய இடங்களில் அந்த வசதி இருந்தும் யாரும் கேட்பதில்லை. ஏற்பதாகச் சொன்னால், படிப்பு முடிந்த பிறகு எத்தனை காலம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.