252-ஆ, 150-ஆ? எந்தக் கடை சொன்னது சரி?

எஞ்சின் ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி, வால்வுகள் இருப்பது இதில்தான்) பற்றி வந்த கேள்விகளை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் சொல்பவர் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஹெட் வேலை பார்க்கும் நம் பட்டறைக்காரர்.

அண்ணே, என் பழைய ஹோண்டா பி16ஏ ஹெட்டை போர்ட்டிங் (காற்று போகும் வழியைக் குடைந்து சீராக்குவது) செய்யக் கொடுத்தேன். இன்டேக் (காற்று உள்ளே போகும் பக்கம்) 252 சி.எஃப்.எம் என்று தாள் கொடுத்தார்கள். மனசு கேட்காமல் இன்னொரு கடையில் அளந்தால் 150 என்கிறார்கள். கொடுத்தது 2,800 வெள்ளி. ஏமாந்துவிட்டேனா? இரண்டு தாளையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.
— ஈசூன் வாசகர்

தம்பி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 252 போட்ட தாளின் மூலையில் பொடி எழுத்தில் 28 என்று இருக்கிறது. 150 போட்ட தாளில் 10. சண்டைக்குக் காரணமே இந்த இரண்டு எண்கள்தான்.

ஃப்ளோ பெஞ்ச் என்பது காற்றை உறிஞ்சும் ஒரு பெட்டி. அதன்மேல் சிலிண்டர் அளவுக்கு ஒரு குழாய். உங்கள் எஞ்சினுக்கு 81 மில்லிமீட்டர். அந்தக் குழாயின்மேல் ஹெட்டை உட்கார வைத்து, டயல் கேஜ் பார்த்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று உள்ளே போகிறது என்று பார்ப்போம். அந்தக் கன அடிக் கணக்குதான் சி.எஃப்.எம். ஆனால் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறோம் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அந்த பலத்தை நீர் அங்குலத்தில், அதாவது எத்தனை அங்குல உயரத்துக்கு நீரைத் தூக்கும் என்று, சொல்வது வழக்கம். இப்போது பெரும்பாலான ஹெட் கடைகளில் 28 அங்குலம், சிறிய பழைய பெஞ்சுகளில் 10, சில இடங்களில் 25.

உறிஞ்சும் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் காற்று கூடும். 28-ஐ 10-ஆல் வகுத்தால் 2.8, அதன் வர்க்கமூலம் 1.673. 150-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், 251 வரும். ஒருவர் படியில் அளந்தார், மற்றவர் உழக்கில் அளந்தார், அரிசி அதேதான். இரண்டு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை.

அதற்காக உங்களை நிம்மதியாகத் தூங்க விடமாட்டேன். அந்த 252 எந்தத் திறப்பில் வந்தது? 12.7 மில்லிமீட்டரில். உங்கள் எஞ்சினில் இருப்பது கம்பெனி கேம்ஷாஃப்ட், அதாவது வால்வைத் தூக்கும் தண்டு. விடெக் (வேகமாகச் சுற்றும்போது வால்வை அதிகம் தூக்கும் ஹோண்டா ஏற்பாடு) பிடித்தாலும் அது இன்டேக் வால்வை 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் தூக்கும். எஞ்சின் ஒருநாளும் போகாத இடத்தில் எடுத்த மதிப்பெண்ணைத் தாளின் தலையில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதே தாளில் 10 மில்லிமீட்டர் வரிசையைப் பாருங்கள், 236. உங்களுக்கு உரிய எண் அது.

அதற்கும் கீழே இறங்குங்கள். வால்வு உச்சிக்கு ஒருமுறைதான் போகும். 5, 6, 8 மில்லிமீட்டரையெல்லாம் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை கடக்கிறது. உங்கள் இன்டேக் வால்வின் விட்டம் 33 மில்லிமீட்டர். அதில் கால்பங்கு, 8.25 மில்லிமீட்டர். அதுவரைக்கும் வால்வின் விளிம்பைச் சுற்றியுள்ள இடைவெளிதான் இறுக்கமான இடம், அதைத் தாண்டினால்தான் போர்ட்டின் அளவும் வளைவும் பேச ஆரம்பிக்கும். ஆகவே நடுத் திறப்பில் காற்றுக் கூட வேண்டுமானால் வால்வு சீட்டை (மூடும்போது வால்வு உட்காரும் வளையம்) 30, 45, 60 டிகிரி கோணங்களில் ஒழுங்காக வெட்ட வேண்டும், சீட்டுக்குக் கீழேயுள்ள கிண்ணத்தைச் சீராக்க வேண்டும். மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) பக்கத்து வாயைக் குகை மாதிரி குடைந்து வைப்பது கஸ்டமர் கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். வாய் பெருத்தால் காற்றின் வேகம் குறைந்து, சிக்னலிலிருந்து கிளம்பும்போது வண்டி சோம்பும்.

என் உண்மையான குறை வேறு. வேலைக்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்ற வரிசையே உங்கள் தாளில் இல்லை. 2,800 வெள்ளிக்கு என்ன கிடைத்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

252 சி.எஃப்.எம் என்றால் எத்தனை குதிரைத்திறன்? ஏதோ சூத்திரம் இருக்கிறதாமே?
— பாசிர் ரிஸ் வாசகர்

இருக்கிறது. 28 அங்குலத்தில் எடுத்த இன்டேக் எண்ணை 0.257-ஆல் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 252-க்கும் நாலு சிலிண்டருக்கும் 259 வரும். இதை அப்படியே நம்பிப் பந்தயம் கட்டிவிடாதீர்கள். 1989-இல் வெளிவந்தபோது பி16ஏ-யின் சக்தி 160 பி.எஸ் (ஏறக்குறைய குதிரைத்திறன்தான்). சூத்திரம் சொல்வது, டர்போ இல்லாத எஞ்சினில் ஹெட் ஒன்று மட்டுமே தடையாக இருந்து, கேம், கம்ப்ரெஷன், எக்ஸாஸ்ட், சுற்று வேகம் எல்லாம் அதற்கு ஈடுகொடுத்தால் எட்டக்கூடிய கூரை. 1.6 லிட்டர் எஞ்சின் அவ்வளவு காற்றையும் குடிக்க வேண்டுமானால் பயங்கரமாகச் சுற்ற வேண்டும். தீவு விரைவுச்சாலையில் ஆபீஸ் போகிற வண்டிக்கு அந்தக் கனவு எதற்கு?

சார், பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்டுக்காக வேக்குவம் கிளீனர் மோட்டாரில் ஃப்ளோ பெஞ்ச் செய்யப் பார்க்கிறோம். 28 அங்குலம் எட்டுமா? சிங்கப்பூரின் ஈரக் காற்று அளவைக் கெடுக்காதா?
— உட்லண்ட்ஸ் மாணவி

நல்ல காரியம்மா. முதலில் கணக்கு. 250 சி.எஃப்.எம் என்பது விநாடிக்கு 0.118 கனமீட்டர். 28 அங்குலம் என்பது சுமார் 6,970 பாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் 820 வாட் சொச்சம். இது ஹெட்டின் வழியாகக் காற்றை இழுக்க மட்டும் ஆகிற சக்தி. காற்றை அளக்க வைக்கும் துளைத்தகட்டிலும் (துளையுள்ள தகடு) அழுத்தம் விழும், மோட்டாரும் வாங்கும் கரண்டில் பெரும்பகுதியைச் சூடாகவும் சத்தமாகவும்தான் திருப்பித் தரும். நம் சுவர் பிளக்கில் 13 ஆம்பியர், 230 வோல்ட், ஆக 3 கிலோவாட்டுக்குள் அடங்க வேண்டும். பல மோட்டார்களை அடுக்கினால் ஃபியூஸ் போகும், புளோக்கில் இருப்பவர்களும் கதவைத் தட்டுவார்கள்.

10 அங்குலத்தில் இதே ஹெட்டுக்கு 176 வாட் போதும். அதனால் 10-இல் கட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: போர்ட்டின் உள்வளைவில் காற்று சுவரைவிட்டுப் பிரிகிற கோளாறு 28-இல் பளிச்சென்று தெரியும், 10-இல் ஒளிந்துகொள்ளலாம். காதையும் பயன்படுத்துங்கள். பிரியும்போது ‘ஹ்ஷ்’ என்ற சீரான சத்தம் கரகரப்பாக மாறும், திறப்பைக் கூட்டினாலும் எண் ஏறாது.

ஈரப்பதத்துக்குப் பயப்பட வேண்டாம். ஹெட்டுக்குள் போகிற காற்றே துளைத்தகட்டிலும் போவதால் அடர்த்தி வித்தியாசம் பெரும்பாலும் கழிந்துவிடும். மோட்டார் சூடேற்றிய காற்று துளைத்தகட்டுக்குப் போகிற மாதிரி அமைத்தால்தான் தொல்லை, அப்போது இரண்டு இடத்திலும் வெப்பநிலை எடுங்கள். ஈரம் கடிப்பது எஞ்சினை. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் காற்றில் சுமார் 3.3 விழுக்காடு இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது, அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவு. அது டைனோவில் எஞ்சின் சக்தியை அளப்பவர் கவலை.

அளவைக் கெடுப்பவை வேறு. வால்வை மூடிவைத்துக் கசிவை அளந்து கழிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். வால்வுக்கு மெல்லிய ஸ்பிரிங் போடுங்கள், இல்லாவிட்டால் டயல் கேஜோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். இன்டேக் வாயைச் சுற்றிக் களிமண்ணால் உருண்டையான உதடு கட்டுங்கள். கூரான விளிம்பாக விட்டால் காற்று அங்கேயே முட்டிக்கொண்டு எண் குறையும், பழி போர்ட்டின்மேல் விழும். எக்ஸாஸ்டுக்கு உறிஞ்சாமல் ஊதுங்கள், ஒரு சிறு துண்டுக் குழாய் மாட்டி அளந்தால் அதையும் எழுதிவையுங்கள்.

போர்ட்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்தால் காற்று அதிகம் போகுமா?
— தெம்பனிஸ் வாசகர்

பெஞ்சில் வித்தியாசம் தெரிவதே அபூர்வம். எக்ஸாஸ்டில் கரி ஒட்டாமல் இருக்கும் என்று செய்தால் செய்யுங்கள். பெட்ரோல் ஈரம் ஓடுகிற இன்டேக்கில் கொஞ்சம் சொரசொரப்பு இருப்பதே எனக்குப் பிடிக்கும்.

எல்லைக்கு அப்பால் ஜொகூர் பாருவில் பாதி விலைக்குப் போர்ட்டிங் செய்கிறார்களாம். கொடுக்கலாமா அண்ணே?
— செம்பவாங் வாசகர்

விலையைப் பார்த்தோ ஊரைப் பார்த்தோ நான் சொல்ல மாட்டேன். அங்கேயும் கைதேர்ந்தவர்கள் உண்டு, இங்கேயும் தாள் அடிப்பவர்கள் உண்டு. ஹெட்டை இறக்குவதற்கு முன் கேளுங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே பெஞ்சில், ஒரே அழுத்தத்தில், ஒரே அளவுக் குழாயில் அளந்து தருவார்களா? 2 மில்லிமீட்டரிலிருந்து உங்கள் கேம் தூக்கும் உயரம் வரை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எண் வேண்டும். நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக வேண்டும். ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு மேல் விலகினால் கை ஓடிய லட்சணம் தெரிந்துவிடும். போர்ட்டின் கொள்ளளவைப் பியூரெட்டில் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) திரவம் ஊற்றி அளந்து, முன் இவ்வளவு பின் இவ்வளவு என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். கொள்ளளவு எகிறி, 8 மில்லிமீட்டருக்குக் கீழே காற்று கூடவே இல்லையென்றால் உலோகத்தை எடுத்ததற்குத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள்.

“அதெல்லாம் எதுக்கு, பெரிய நம்பர் வரும் பாருங்க” என்று சிரித்தால், ஹெட்டை வண்டியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். வரிசை இல்லாத நேரம் பார்த்து காஸ்வேயைத் தாண்டிவிடுங்கள், அது வேறு தலைவலி.