இருவருக்கும் ஒரே பாட்டில்: சென்னை வெயிலில் எந்த மணம் நிற்கும்?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறோம். நானும் கணவரும் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகங்களில் வேலை செய்கிறோம். குளித்து முடித்த உணர்வை மட்டும் தரக்கூடிய, இருவரும் தினமும் பூசிக்கொள்ளத்தக்க பெர்ஃப்யூம் ஒன்று வேண்டும். கடையில் பிடித்துப்போய் வாங்கியது அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடுகிறது. அதிகமாக அடித்துக்கொண்டால் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத் தலைவலி வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடையில் உங்களுக்குப் பிடித்தது அந்த வாசனைத் திரவியத்தின் முதல் கால்மணி நேரமாக இருக்கக்கூடும். எலுமிச்சை, அதன் இனத்தைச் சேர்ந்த பெர்கமோட் பழம், நெரோலி எனப்படும் ஆரஞ்சுப்பூ எண்ணெய் ஆகியவைதாம் அந்தத் தூய்மை உணர்வைத் தருகின்றன. ஆனால் அவை எளிதில் ஆவியாகிவிடுபவை என்பதால், மே மாத வெயிலில் சோழிங்கநல்லூர் வரை ஸ்கூட்டரில் செல்பவரின் தோலில் அவை தங்க வழியில்லை. மாலைவரை உடன் இருப்பது, அவை ஆவியான பின் எஞ்சும் அடி மணம்தான். அதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நீங்கள் கேட்கும் வகை பழமையானது. ஃபரீனா நிறுவனம் 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கப்பட்டது. அதன் எலுமிச்சை மணத் திரவியம் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாகவே விற்றது. நம் காலத்தில் அந்த எண்ணத்தை மீண்டும் பரப்பியது, ஆல்பர்ட்டோ மொரிய்யாஸும் ஹாரி ஃப்ரெமோன்ட்டும் உருவாக்கி 1994இல் வெளிவந்த கால்வின் க்ளைனின் 'சிகே ஒன்'. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 'ஆண்களுக்கு', 'பெண்களுக்கு' என்ற சொற்களைப் பொருட்படுத்த வேண்டாம். சந்தனத்தை நாம் அப்படிப் பிரித்துப் பூசியதில்லை.

இத்தகைய திரவியங்களின் அடியில் பெரும்பாலும் இருப்பது 'ஒயிட் மஸ்க்' எனப்படும் செயற்கைக் கஸ்தூரி வகைகள். துணி துவைக்கும் பொடியிலும் கண்டிஷனரிலும் இவையே சேர்க்கப்படுவதால்தான், சலவைத் துணியின் வாசம் போல அவை நமக்குத் தோன்றுகின்றன. பெரிய மூலக்கூறுகள் என்பதால் இவை மெல்ல ஆவியாகி மணிக்கணக்கில் நீடிக்கும். சிக்கல் என்னவென்றால், சிலருடைய மூக்குக்குக் குறிப்பிட்ட ஒரு கஸ்தூரி வகை தெரியவே தெரியாது. அதனால் பல வகைகளைக் கலந்து சேர்ப்பது வழக்கம். அதோடு, இடைவிடாமல் முகரும் எந்த மணத்தையும் மூளை சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடும். எனவே 'மறைந்துவிட்டது' என்று முடிவு செய்யுமுன் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் போன மணம் பக்கத்து இருக்கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கலாம். அந்த நிலையில் மீண்டும் மீண்டும் அடித்துக்கொள்வதே தலைவலிக்குக் காரணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

என் தேர்வு: மேலே நெரோலியோ பெர்கமோட்டோ, அடியில் கஸ்தூரியுடன் வெட்டிவேர், அடர்த்தியில் 'ஓ த துவாலெட்' எனப்படும் நடுத்தர வகை. மண எண்ணெயின் அளவு 'கொலோன்' எனப்படும் மென்மையான வகையில் ஏறக்குறைய 2 முதல் 5 விழுக்காடு, ஓ த துவாலெட்டில் 5 முதல் 15, அதைவிட அடர்த்தியான ஓ த பார்ஃபமில் 15 முதல் 20 என்பது பொதுவான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். வனிலாவும், 'ஊத்' எனப்படும் அகில் மணமும் மேலோங்கிய திரவியங்களை நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஆல்கஹால் வேண்டாம் என்றால், திருவல்லிக்கேணி அத்தர் கடைகளில் வெட்டிவேர் அத்தர் கேளுங்கள். ஒரு துளி போதும்.

காகிதத் துண்டில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். இருவரும் மணிக்கட்டில் ஒருமுறை அடித்துக்கொண்டு, வாங்காமல் வெளியே வந்து, வழக்கமான வேலைகளைப் பார்த்துவிட்டு மாலையில் முகருங்கள். தோலுக்குத் தோல் மணம் மாறும் என்பதால், இருவரிடமும் நன்றாக இருப்பதே உங்களுக்கு ஏற்றது.

குளித்துத் துடைத்தபின் மணமற்ற மாய்ஸ்சரைசர் தடவி, சட்டைக்கு உள்ளே மார்பில் இரண்டு முறை அடித்தால் போதும். வியர்வை நாற்றத்தை இதைக் கொண்டு மறைக்க முயல வேண்டாம். அது தோலில் உள்ள பாக்டீரியாக்களால் வருவது, அதற்கு மணமற்ற டியோடரன்ட் தனியாக வேண்டும். பட்டுத் துணியில் நேரடியாக அடித்தால் கறை படியலாம். பாட்டிலைக் குளியலறையிலோ வெயில் விழும் ஜன்னலோரத்திலோ வைக்காமல் அலமாரிக்குள் வையுங்கள். முதலில் 30 மி.லி. அளவில் வாங்குங்கள்.