கிணறு சொன்ன கணக்கு

"வளங்களை எடுக்காமல் மனிதன் வாழ முடியாது. அப்படியிருக்க, பயன்பாடும் பாதுகாப்பும் சேர்ந்து போக வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நேரடியாகத் தெரிந்தது நிலத்தடி நீர் மட்டும்தான். அதை வைத்துச் சொல்கிறேன்.

எங்களுக்கு அவிநாசிப் பக்கம் நாலரை ஏக்கர் தோட்டம். அப்பாரு (தாத்தா) காலத்தில் கவலை ஓட்டித்தான் பாசனம். மாடு பூட்டித் தோல் பையில் தண்ணீர் இறைப்பதுதான் கவலை. முற்பகலுக்குள் கிணற்றின் அடி தெரிந்துவிடுமாம். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, ஊற்று சுரந்த பிறகு சாயங்காலம் மறுபடி பூட்டுவார்கள். சோளம் எவ்வளவு, ராகி எவ்வளவு என்பதைக் கிணறே சொல்லிவிடும். அவருக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு மேல் எடுக்க அவரிடம் வழியில்லை, அவ்வளவுதான்.

பிறகு மோட்டார் வந்தது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அது இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் நிலத்தை விற்றிருப்போம். ஆகவே அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிணறு சொன்ன கணக்கு அதோடு காதில் விழாமல் போனது.

2003 வறட்சியில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டோம். துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரி ராத்திரி முழுக்க ஓடியது. தோட்டமெங்கும் வெள்ளைத் தூசு. வெளியே வந்த கல்தூளை அப்பா அள்ளி அள்ளி உள்ளங்கையில் பிசைந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஈரம் தட்டுகிறதா என்று. 780 அடியில் ஒன்றரை இஞ்சு தண்ணீர் வந்தது. அதைக் கம்ப்ரசர் வைத்து எடுத்து, வறண்ட கிணற்றில் விட்டு, அங்கிருந்து மறுபடி மோட்டாரில் இறைத்தோம். ஊற்றுக் கிணறு வெறும் தொட்டியாகிவிட்டது. எங்களுடையது கருங்கல் பூமி. மழைநீர் தங்குவது மேலே இருக்கும் மக்கிய பாறையில்தான். அதற்குக் கீழே வெறும் வெடிப்புகள். அவ்வளவு ஆழத்தில் எடுத்த தண்ணீர் அடுத்த மழைக்கே திரும்பி வந்துவிடாது.

சிக்கனமாகப் பாய்ச்சினால் போதும் என்பார்கள். நாங்களும் மானியத்தில் சொட்டுநீர் போட்டோம். தண்ணீர் மிச்சமானது உண்மை. மிச்சமான தண்ணீரைப் பார்த்ததும் இன்னும் ஒரு ஏக்கர் வாழை வைத்தோம். போர் முன்பு ஓடிய அதே நேரம்தான் ஓடியது.

அதனால் மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் ஊரைத்தான் உங்கள் கேள்விக்குப் பதிலாகக் காட்டுவேன். மழை குறைந்த ஊர். ஆட்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1990 வாக்கில் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி மழையைத் தேக்கினார்கள். அது பல ஊர்களில் நடந்ததுதான். இவர்கள் கூடுதலாகச் செய்தது, ஒவ்வொரு வருஷமும் பெய்த மழையை அளந்து, மனிதருக்கும் மாட்டுக்கும் குடிக்க ஒதுக்கியதுபோக மீதிக்கு என்ன பயிர் என்று ஊர் கூடி முடிவு செய்தது. கரும்பும் வாழையும் வேண்டாம், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். ஆசைப்பட்டாலும் ஒருவர் தனியாகச் செய்ய முடியாத காரியம் அது. நான் நிறுத்தினால் பக்கத்துத் தோட்டத்துப் போர் அதே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஓடத் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் 1.5 டிஎம்சி (150 கோடி கன அடி) தண்ணீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம். எங்கள் தலைமுறைகள் அறுபது வருஷம் கேட்டது. எங்கள் குட்டைக்கும் குழாய் வந்திருக்கிறது.

போர்த் தண்ணீரைக் கிணற்றில் விடுவதை நிறுத்திவிட்டேன். கிணறு தன் மட்டத்தைத் தானே காட்டட்டும் என்றுதான். வாழையில் ஒரு ஏக்கரை எடுத்துவிட்டுச் சோளம் விதைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை கயிற்றில் கல் கட்டி இறக்கி, மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதி வைக்கிறேன். குட்டை நிறைவதற்கு முன் தண்ணீர் 71 அடி ஆழத்தில் கிடந்தது, போன வாரம் 54. பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் இப்போது அளக்கிறார். அவர் கிணற்றில் 58.