மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்

கேள்வி: விபத்தில் அடிபட்ட என் கணவருக்கு மண்ணீரலை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அடிக்கடி சளி பிடிக்கிறது. பிளேட்லெட் சற்று அதிகம் என்கிறது ரிப்போர்ட். எதிர்ப்பு சக்தியே போய்விடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. போன மாதம் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் கொடுத்தேன், மறுநாள் சரியாகிவிட்டது. எதிர்ப்பு சக்திப் பவுடர் கொடுக்கலாமா?

பதில்: பவுடர் இருக்கட்டும். அந்த நடுக்கக் காய்ச்சலோடு ஓர் இரவு முழுக்க வீட்டில் இருந்தீர்களே, அதைப் படித்துத்தான் எனக்குப் பதறியது. தப்பித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி ஒருபோதும் அப்படிக் காத்திருக்காதீர்கள்.

ரத்தம் மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் மெதுவாகக் கசிந்து போகும். அப்போது அங்கிருக்கும் விழுங்கணுக்கள் கிருமிகளைப் பிடித்துத் தின்றுவிடும். பல கிருமிகளைக் கல்லீரலும் கவனித்துக்கொள்ளும். ஆனால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி) ஆகிய மூன்று பாக்டீரியாக்களும் வழவழப்பான சர்க்கரை உறை போர்த்தியவை, எளிதில் பிடிபடாது. அவற்றின்மேல் ஒட்டி அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகளைச் சட்டென்று உருவாக்குவதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது இல்லாதவருக்குக் காலையில் சாதாரண ஃப்ளூ போலத் தொடங்குவது, இரவுக்குள் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான். முதல் சில வருடங்களில் அபாயம் அதிகம், ஆனாலும் அது வாழ்நாள் முழுக்கத் தொடரும்.

ஆகவே காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, நடுக்கம் கண்டாலோ, நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். “மண்ணீரல் எடுத்தவர்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதை எழுதிய அட்டை அவர் பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். அவசரத்துக்கென்று உங்கள் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதித் தந்திருந்தால், முதல் வேளையைப் போட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். போட்டுவிட்டுப் படுப்பதற்கல்ல அது.

சளி எல்லோருக்கும் வருவதுதான், அதற்கும் மண்ணீரலுக்கும் சம்பந்தமில்லை. உடலின் பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்திருந்த உறுப்பு போனதால், எண்ணிக்கை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். பவுடர் வேண்டாம். அந்த மூன்று கிருமிகளை எந்தப் பவுடரும் தடுக்காது.

தடுப்பூசி தடுக்கும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! வழக்கமாக அவசர அறுவை முடிந்து இரண்டு வாரத்தில் போடத் தொடங்குவோம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். போடவில்லையென்றால் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள், இப்போதும் போடலாம். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் மூன்றுக்கும் வேண்டும். மெனிங்கோகாக்கஸ் ஊசியை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஃப்ளூ ஊசி வருடந்தோறும்.

அப்புறம், நாய் கடித்தால் ரேபிஸ் ஊசியோடு நிற்காமல் ஆன்டிபயாடிக்கும் கேளுங்கள். நாயின் எச்சிலில் உள்ள ஒரு பாக்டீரியா மண்ணீரல் இல்லாதவரைக் கடுமையாகத் தாக்கும். மலேரியா உள்ள பகுதிக்குப் போவதானால், கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்கிவிடுங்கள்.